பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் எவ்வளவு பாதுகாப்பானவை?

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பா வழியாகப் பெந்தோங் செல்லும் பழைய சாலையிலும், பினாங்கில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்குச் செல்லும் மலை வளைவுகளிலும், ஐம்பது அறுபது வயதான ஸ்போர்ட்ஸ் கார்களைக் காணலாம். அப்படிப்பட்ட கார் ஒன்று விபத்தில் சிக்கிய படம் வாட்ஸ்அப் குழுக்களில் பரவத் தொடங்கியதும் இரண்டு கருத்துகள் மோதிக்கொள்கின்றன. "அந்தக் காலத்து இரும்பு, இப்போதைய தகரத்தைவிட உறுதியானது" என்பார் ஒருவர். "காற்றுப்பைகூட இல்லாத வண்டியைச் சாலையில் விடுவதே தவறு" என்பார் இன்னொருவர். முதல் கருத்து தவறானது. இரண்டாவதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது முதலில் கவலைப்பட வேண்டிய இடத்தைக் காட்டவில்லை. பாதுகாப்பு அம்சம் என்பது தனியே வாங்கி ஒட்டவைக்கும் பொருள் அன்று என்பதையும், அது காரின் உடல், வயது, ஓடும் ஊரின் வானிலை ஆகியவற்றோடு சேர்ந்தே வேலை செய்கிறது அல்லது செய்யத் தவறுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

இங்கே பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்பது, 1950களிலிருந்து 1980களின் இறுதிவரை தயாரான, இரண்டு பேர் அல்லது நெருக்கிப்பிடித்து நான்கு பேர் அமரக்கூடிய, ஓட்டும் இன்பத்துக்காகவே வடிவமைக்கப்பட்ட கார்களைக் குறிக்கும்.

மூன்று வேறு கேள்விகள்

பாதுகாப்பு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் விவாதிப்பதால்தான் குழப்பம் தீராமல் இருக்கிறது.

1. விபத்தை இந்தக் கார் தவிர்க்குமா? பிரேக், டயர், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், விளக்குகள் ஆகியவை இதற்குப் பொறுப்பு.

2. விபத்து நேர்ந்துவிட்டால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா? இருக்கை வார், உடற்கூட்டின் அமைப்பு, ஸ்டீயரிங் தண்டு, தலைத்தாங்கி, எரிபொருள் தொட்டி இருக்கும் இடம் ஆகியவை இதில் வரும்.

3. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்த அந்தத் திறன் இன்றும் அப்படியே இருக்கிறதா?

மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. ஆனால் மலேசியாவில் ஒரு பழைய காரின் உரிமையாளருக்கு மிகவும் பயன்படக்கூடியது அதுதான்.

மோதலின் கணக்கு

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், நொடிக்கு ஏறத்தாழ 13.9 மீட்டர் நகர்கிறது. மோதும்போது அந்த வேகம் முழுவதும் எங்கோ ஓரிடத்தில் கரைந்தாக வேண்டும். உள்ளே இருப்பவரின் உடல் 10 செ.மீ. தூரத்துக்குள் நின்றுவிட்டால், அது தாங்க வேண்டிய விசை உடல் எடையைப்போல் 98 மடங்கு. அதே உடல் 60 செ.மீ. தூரத்தில் நின்றால் அந்த விசை 16 மடங்காகக் குறைகிறது. முன்னது உயிரைப் பறிக்கும். பின்னது, வார் சரியாக அணிந்த ஆரோக்கியமான ஒருவர் தாங்கக்கூடியது. மோதல் பாதுகாப்பின் அடிப்படை இந்த அரை மீட்டரைச் சம்பாதிப்பதுதான்.

அந்தத் தூரத்தைத் தருவது கசங்கும் மூக்கு. உறுதியான மூக்கு அதைத் தராது. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனப் பொறியாளர் பெலா பாரென்யி, காரின் முன்பகுதியும் பின்பகுதியும் திட்டமிட்டபடி நசுங்க வேண்டும், நடுவில் மனிதர் அமரும் கூடு மட்டும் நசுங்காமல் நிற்க வேண்டும் என்ற கருத்துக்கு 1951-இல் காப்புரிமை கோரினார். 1959-இல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ111 செடான் அந்தக் கருத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஸ்போர்ட்ஸ் கார்களில் அதை முதலில் ஏற்றது, 1963-இல் அதே நிறுவனம் வெளியிட்ட, கூரையின் வடிவத்தால் "பகோடா" என்று அழைக்கப்படும் 230 எஸ்எல்.

"பழைய இரும்பு" வாதத்தை அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுக் கழகம் 2009-இல் நேரடியாகவே சோதித்தது. 1959-ஆம் ஆண்டின் செவ்ரலே பெல் ஏர், 2009-ஆம் ஆண்டின் செவ்ரலே மலிபு ஆகிய இரண்டும், ஒவ்வொன்றும் மணிக்கு ஏறத்தாழ 64 கி.மீ. வேகத்தில், முன்பகுதியின் ஒரு பக்கம் மட்டும் படும்படி நேருக்கு நேர் மோதவிடப்பட்டன. பெல் ஏரின் ஓட்டுநர் கூடு குலைந்து போனது. அதில் இருந்த சோதனைப் பொம்மை மனிதராக இருந்தால் உயிர் பிழைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மலிபுவில் இருந்தவருக்குக் காலில் சிறு காயத்தோடு போயிருக்கும். பெல் ஏர் பெரிய குடும்பக் கார். 700 கிலோ அளவே எடையுள்ள, கண்ணாடியிழை உடல் கொண்ட 1962-ஆம் ஆண்டின் லோட்டஸ் எலானை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால், விளைவைக் கணக்கிடச் சோதனைக்கூடம் தேவையில்லை.

எந்தக் காலத்துக் காரில் எது இருக்கும்?

ஸ்போர்ட்ஸ் கார்கள் பாதுகாப்பில் எப்போதுமே பின்தங்கியிருந்தன என்று சொல்வது நியாயமன்று. விபத்தைத் தவிர்க்கும் தொழில்நுட்பத்தில் அவையே பல முறை முன்னால் நின்றன. டிஸ்க் பிரேக்கை எடுத்துக்கொள்வோம். டிரம் பிரேக்கில் உராய்வு ஒரு மூடிய உருளைக்குள் நடப்பதால் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கி, பிடிப்பு படிப்படியாகக் குறைகிறது. டிஸ்க் திறந்தவெளியில் சுழல்வதால் விரைவில் குளிர்கிறது. 1953-ஆம் ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் வென்றதில் டன்லப் டிஸ்க் பிரேக்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1956-இல் டிரையம்ப் டிஆர்3 முன்சக்கரங்களுக்கும், 1957-இல் ஜாகுவார் எக்ஸ்கே150 நான்கு சக்கரங்களுக்கும் அதைக் கொண்டுவந்தன. சாதாரணக் குடும்பக் கார்களுக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் கதையும் அப்படியே. மின்னணு வடிவில் அது 1978-இல் பாஷ் நிறுவனத்தின் தயாரிப்பாக மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் வந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, விமானங்களுக்காக உருவான டன்லப் மேக்ஸாரெட் என்ற இயந்திர முறையை, நான்கு சக்கர இயக்கத்தோடு சேர்த்து ஜென்சன் எஃப்எஃப் கார் விற்பனைக்குக் கொண்டுவந்தது. முந்நூற்றுச் சொச்சம் கார்கள் மட்டுமே தயாராயின. ஒரு தொழில்நுட்பம் இருப்பதற்கும் அது பரவுவதற்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

பிழைக்கவைக்கும் பகுதியில் நிலை வேறு. வால்வோ பொறியாளர் நீல்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை இருக்கை வார் 1959-இல் வந்தது. மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளும்படி அதன் காப்புரிமையை வால்வோ திறந்துவிட்டது. அப்படியிருந்தும் 1960களின் பல ஸ்போர்ட்ஸ் கார்களில் வார் என்பது தனிக் கட்டணம் செலுத்திப் பெற வேண்டிய பொருளாகவோ, இடுப்பை மட்டும் சுற்றும் இரண்டு முனை வாராகவோ இருந்தது. இரண்டு முனை வார் உடலை இருக்கையில் நிறுத்துகிறதே தவிர, மேலுடல் முன்னே மடிந்து தலையும் மார்பும் ஸ்டீயரிங்கில் அடிபடுவதைத் தடுப்பதில்லை.

அந்த ஸ்டீயரிங்கின் பின்னால் இருப்பதும் முக்கியம். பழைய கார்களில் ஸ்டீயரிங் தண்டு ஒரே நீளமான எஃகுக் கம்பி. முன்பகுதி நசுங்கும்போது அது ஓட்டுநரின் மார்பை நோக்கிப் பின்னே தள்ளப்படுகிறது. மடங்கிச் சுருங்கும் தண்டும், ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும் இரட்டைச் சுற்று பிரேக்கும் பரவலானது 1968 வாக்கில்தான். ஒற்றைச் சுற்று பிரேக் உள்ள காரில் ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். மிஞ்சுவது கைபிரேக்கும் கியரும் மட்டுமே.

சஸ்பென்ஷனைப் பற்றியும் ஒரு சொல். 1954-ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 300 எஸ்எல், 1962-ஆம் ஆண்டின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் போன்றவற்றின் பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்ஸில் எனப்படும் அமைப்பில் தொங்குகின்றன. வளைவின் நடுவில் ஓட்டுநர் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பகுதி மேலெழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உட்புறமாக மடிந்து, பிடிப்பு சட்டென்று போய்விடும். இயல்பான மனித எதிர்வினையே அங்கு தவறான எதிர்வினையாகிறது. என்ஜின் பின்னால் இருக்கும் போர்ஷே 911-க்கும் வேறொரு காரணத்தால் இதே போன்ற குணம் உண்டு. அதைக் குறைக்கவே 1969 மாடலில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம் 57 மில்லிமீட்டர் நீட்டப்பட்டது.

அமெரிக்க விதிகளும் வலக்கை ஓட்டு வண்டிகளும்

இணையத்தில் கிடைக்கும் கட்டுரைகளை நம்பிப் பழைய கார் வாங்கும் மலேசியர் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அமெரிக்கா 1966-இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அதன் கீழான முதல் விதிகள் 1968 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தன. பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு அமெரிக்காவே மிகப் பெரிய சந்தை என்பதால், அந்த நாட்டுக்குப் போகும் கார்கள் மாற்றப்பட்டன. ஜாகுவார் இ-டைப்பின் டாஷ்போர்டில் குத்திக்கொண்டு நின்ற உலோக விசைகளுக்குப் பதிலாகத் தட்டையான விசைகள் வந்தன. கம்பிச் சக்கரங்களை இறுக்கும் மறையில் நீட்டிக்கொண்டிருந்த காதுகள் வெட்டப்பட்டன. எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு அமெரிக்காவில் தலையணை போன்ற தடித்த மெத்தை டாஷ்போர்டு வந்தது. பிரிட்டனில் விற்ற எம்ஜிபியில் பழைய உலோக டாஷ்போர்டே தொடர்ந்தது.

மலேசியச் சாலையில் ஓடுவது வலக்கை ஓட்டு வண்டி. அதாவது, அமெரிக்காவுக்காகத் தயாரான வகை அன்று. எனவே "1968-க்குப் பிந்தைய எம்ஜிபி, ஆகவே இந்த அம்சமெல்லாம் இருக்கும்" என்று ஆண்டை வைத்து முடிவு செய்ய முடியாது. எந்தச் சந்தைக்காகக் கட்டப்பட்டது என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொண்டு அறிந்த பிறகே எது இருக்கிறது, எது இல்லை என்று பேச வேண்டும்.

விதிகள் எப்போதும் நன்மையே செய்தன என்றும் சொல்வதற்கில்லை. குறைந்த வேக மோதலில் விளக்குகள் உடையக்கூடாது என்ற அமெரிக்கப் பம்பர் விதியால், 1974 இறுதியிலிருந்து எம்ஜிபிக்குப் பெரிய கறுப்பு ரப்பர் பம்பர்கள் வந்தன. பம்பர் உயர விதியை நிறைவு செய்யக் கார் முழுவதையும் சுமார் 25 மில்லிமீட்டர் உயர்த்தினார்கள். வளைவில் உடல் சாய்வதைக் கட்டுப்படுத்தும் முன் ஆன்டி-ரோல் பாரும் சில காலம் நீக்கப்பட்டிருந்தது. விளக்கைக் காப்பாற்றப் போய்ச் சாலைப்பிடிப்பை இழந்த கார் அது. இம்முறை வலக்கை ஓட்டு வண்டிகளும் தப்பவில்லை.

திறந்த கூரைக் கார்களை அமெரிக்கா தடை செய்துவிடும் என்ற அச்சமும் அக்காலத்தில் இருந்தது. போர்ஷே 1965-இல் காட்சிக்கு வைத்த 911 டார்காவில், கவிழ்ந்தால் தலையைக் காக்க வைத்த அகலமான எஃகு வளையம் அந்த அச்சத்தின் விளைவு. 1975-இல் டிரையம்ப் டிஆர்7 மூடிய கூரையோடு மட்டும் வந்ததும் அதனால்தான். தடை வரவேயில்லை.

நம் ஊர் வெப்பமும் மழையும்

ஐரோப்பியப் புத்தகங்கள் பனிக்கால உப்பைப் பற்றி எச்சரிக்கும். நமக்கு எதிரிகள் வேறு: ஈரப்பதம், வெயில், மாலை மழை, பினாங்குக் கடற்கரையின் உப்புக்காற்று. வாரம் ஒரு முறை மட்டும் ஓடும் வண்டியில் இவை செய்யும் கேடு கண்ணுக்குத் தெரியாது என்பதால், வரிசைப்படுத்திச் சொல்வது பயனுள்ளது.

1. பிரேக் திரவம். இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அமெரிக்கத் தரவிதிப்படி டாட் 4 என்ற தர வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்குகிறது. டாட் 3-க்கு இவை முறையே 205, 140. கெந்திங்கிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தின் அருகே அந்த வெப்பநிலையை எட்டுவது எளிது. திரவம் கொதித்தால் குழாயில் நீராவி உண்டாகும். நீராவி அமுங்கும், திரவம் அமுங்காது. மிதி தரைவரை போகும், கார் நிற்காது. கார் ஓடிய தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, திரவத்தை மாற்றுவது மலிவான காப்பீடு. ரப்பர் பிரேக் குழாய்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளலாம் என்பதால் அவற்றையும் வயதை வைத்தே மாற்ற வேண்டும்.

2. டயர். வாரக்கடைசி வண்டியின் டயர் தேய்வதற்கு முன்பே கெட்டியாகிவிடுகிறது. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரிப்பு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் காட்டும். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அந்த டயர் 2000-க்கு முந்தையது; ஆழமான பள்ளங்களைக் காட்டி விற்பனையாளர் என்ன சொன்னாலும் அதைக் கழற்றிப் போடுவதே சரி. அழகுக்காக அகலமான டயர் போடும் வழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். இலேசான காரில் குறுகிய டயர் தேங்கிய நீரை வெட்டிச் செல்லும்; அகல டயர் நீரின் மேல் மிதக்கும். கோலாலம்பூரின் மாலை நேரப் பெருமழையில் இந்த வேறுபாடு நெடுஞ்சாலையில் நன்றாகவே தெரியும்.

3. துரு. எம்ஜிபி போன்ற திறந்த கூரைக் கார்களுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில் எனப்படும் பெட்டி வடிவ எஃகுதான் காரின் முதுகெலும்பு. மழைநீர் தேங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும் இடமும் அதுவே. இருக்கை வாரின் கீழ் முனைகள் பிணைக்கப்படுவதும் பெரும்பாலும் அதன் அருகில்தான். புத்தம்புதிய வாரை உளுத்த தகரத்தில் போல்ட் போட்டு மாட்டியிருந்தால், மோதும்போது வார் அறுவதில்லை, போல்ட்டு தகரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பளபளப்பான பெயின்ட்டுக்கு அடியில் கண்ணாடியிழையும் குழியை நிரப்பும் பட்டியும் வைத்துச் சில்லை மூடிய வண்டிகள் சந்தையில் உண்டு. காந்தம் ஒன்றை வைத்துப் பார்த்தால் அது ஒட்டாத இடங்கள் கதையைச் சொல்லிவிடும்.

4. எரிபொருள் குழாய். டிரையம்ப் டிஆர்6-இல் தொட்டி இருக்கைகளுக்குப் பின்னால், டிக்கிக்கு முன்னால் இருக்கிறது. வெடிப்பு விட்ட ரப்பர் குழாயும் பழைய மின்கம்பியும் அருகருகே ஓடும் காரில் தீயணைப்புக் குப்பியும் பேட்டரியைத் துண்டிக்கும் விசையும் ஆடம்பரம் அல்ல.

புதிதாகப் பொருத்தும்போது வரும் சிக்கல்கள்

"அப்படியானால் நவீன அம்சங்களைச் சேர்த்துவிடலாமே" என்ற கேள்வி இயல்பானது. சிலவற்றைச் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும்: பிரேக்குக்கு இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், தானாகச் சுருளும் மூன்று முனை வார், பின்னால் வருபவருக்குத் தெளிவாகத் தெரியும் பிரேக் விளக்கு. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மங்கிய சிறு விளக்கோடு ஓடும் தாழ்ந்த காரை, பின்னால் வரும் லாரி ஓட்டுநர் உரிய நேரத்தில் பார்க்கவில்லை என்றால் மற்றவை எதற்கும் வாய்ப்பே கிடைக்காது.

ஆனால் பந்தயக் காரின் நான்கு முனைப் பட்டையைச் சாலைக் காரில் மாட்டுவது வேறு கதை. மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. தோள்பட்டைகளை இருக்கைக்குப் பின்னால் தரையில் பிணைத்தால், மோதலில் அவை தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை அழுத்தும். கால்களுக்கிடையே செல்லும் பட்டை இல்லாவிட்டால், இடுப்புப் பட்டை மேலே இழுக்கப்பட்டு, உடல் அதன் அடியில் வழுக்கிச் செல்லும். எலும்பு தாங்க வேண்டிய விசையை வயிறு தாங்கும். கூரையைத் தாங்கும் ரோல்பார் இல்லாத காரில், கவிழும்போது பட்டை உடலை நிமிர்த்தியே பிடித்திருப்பதால், நசுங்கும் கூரையிலிருந்து குனிந்து தப்பவும் வழியிருக்காது.

ரோல்பாரும் எச்சரிக்கையோடு அணுக வேண்டியது. பந்தய ஓட்டுநர் தலைக்கவசம் அணிந்திருக்கிறார். அணியாதவரின் தலை, பின்னிருந்து வரும் ஒரு சாதாரண மோதலிலேயே அந்த எஃகுக் குழாயில் அடிபடலாம். தலைத்தாங்கி இல்லாத பழைய இருக்கையில் இந்த ஆபத்து இரு மடங்கு. முதலில் தலைத்தாங்கி உள்ள இருக்கை, பிறகு தடித்த உறை போட்ட ரோல்பார் என்பதே அறிவுக்குப் பொருந்திய வரிசை.

காற்றுப்பையைச் சேர்ப்பது நடைமுறையில் முடியாத காரியம். எந்த நொடியில் விரிய வேண்டும் என்பது அந்தக் காரின் மூக்கு நசுங்கும் விதத்தை அளந்து தீர்மானிக்கப்படுவது. பயன்படுத்திய கார் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையிலிருந்து வேறொரு காரின் ஸ்டீயரிங்கைக் காற்றுப்பையோடு வாங்கி மாட்டினால், அது வேண்டிய நேரத்தில் விரியாமலோ வேண்டாத நேரத்தில் விரிந்தோ கேடு செய்யும்.

சட்டம் எதுவரை வருகிறது?

மலேசியாவில் முன்னிருக்கைகளில் வார் அணிவது 1979-இல் கட்டாயமானது. பின்னிருக்கைகளுக்கு அது 2009 ஜனவரி முதல் வந்தது. புதிய கார்களை மோதிப் பார்த்து நட்சத்திரம் வழங்கும் ஆசியான் என்கேப் அமைப்பு 2011-இல் தொடங்கியது. இவை எதுவும் 1965-ஆம் ஆண்டுக் காரின் உடற்கூட்டை மாற்றிவிடாது.

வாடகைக்கு ஓடாத தனியார் காருக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை கிடையாது என்பதே இங்கே கவனிக்க வேண்டிய உண்மை. 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் சாலை வரி புதுப்பிக்கச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று 2009-இல் தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வின்போது அறிவிக்கப்பட்டு, பொதுமக்களின் எதிர்ப்பால் விரைவிலேயே கைவிடப்பட்டது. அன்றாட வேலைக்குப் பழைய புரோட்டோனை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அந்த எதிர்ப்பு நியாயமானதே. எனினும் அதன் பக்கவிளைவாக, உரிமை மாற்றத்தின்போது செய்யப்படும் சோதனைக்குப் பிறகு, ஒருவர் இருபது ஆண்டுகள் வைத்திருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் காரை அதிகாரப்பூர்வமாக யாருமே பார்க்காமல் போகலாம். அந்தச் சோதனையும் அன்றைய நிலையை மட்டுமே காட்டும். பிரேக் திரவத்தின் வயதையோ சில்லின் உட்புறத்தையோ அது சொல்வதற்கில்லை.

உடற்கூட்டையோ என்ஜினையோ மாற்றுவோர் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியைப் பெற வேண்டும். அனுமதியில்லாத மாற்றம் இருந்தால், விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக் காரணம் கிடைத்துவிடும். ஆகவே ரோல்பார் போன்ற வேலையைத் தொடங்கும் முன்பே, பட்டறைக்காரரின் வாய்மொழியை நம்பாமல், துறையிடமும் காப்பீட்டு முகவரிடமும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வாங்கும் நிலையில் இருப்பவர், விலை பேசுவதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி, விரிப்புகளை அகற்றி, வார் பிணைக்கப்பட்ட போல்ட்டுகளைச் சுற்றியுள்ள உலோகத்தையும் இரு சில்களின் அடிப்பகுதியையும் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். அதற்கு உரிமையாளர் மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.